சும்மா விசாரணைக்குத்தான்

கைதானால் உங்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று படம் போட்டு விளக்கும் பதிவுகள் வாரம் ஒன்றாவது நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், வழக்குரைஞரைச் சந்திக்க விட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியல் முழுவதும் ‘கைது’ என்ற சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது. எனக்குத் தெரிந்து ஏனாத்தூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காவல் நிலையத்துக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலோர் கைதானவர்கள் இல்லை. கூப்பிடப்பட்டவர்கள்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போப்பா. ஒண்ணுமில்ல, சும்மா விசாரணைக்குத்தான்.”

இந்த ஒரு தொலைபேசி அழைப்பில் வழக்கு எண் இல்லை, சட்டப்பிரிவு இல்லை, புகார் கொடுத்தவர் பெயர்கூட இல்லை. காலையில் போனவர் மாலை வரை வெளித்திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேண்ட் சட்டை போட்டவருக்கு நாற்காலி, லுங்கி கட்டியவருக்குத் தரை என்பது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். நம் மக்களின் உரிமை பறிபோகிற இடம் பெரும்பாலும் லாக்கப் அல்ல, இந்தத் திண்ணைதான் என்பது என் எண்ணம். கைதுக்கு முந்தைய இந்த இருட்டைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

பட்டு நெசவுக் குடும்பங்களின் கடன்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் தறிக்குழியோரம் உட்கார்ந்து கணக்கு நோட்டுகளைப் புரட்டுவது என் அன்றாட வேலை. காஞ்சிபுரத்தில் தனியார் முதலாளியிடம் நெய்கிறவருக்குப் பாவும் கோராப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு முன்பணம். கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய அந்தப் பணம் நோட்டில் அப்படியே நிற்கும், கூலியில் பிடித்தம் போய்க்கொண்டே இருக்கும். கூலி கட்டுப்படியாகாமல் நெசவாளர் வேறு முதலாளியிடம் போனாலோ, தறியை விட்டு ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போனாலோ, அங்கேதான் காவல் நிலையம் உள்ளே வருகிறது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் தறி நெய்யும் அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் அழைப்பு வந்தது. “நீ படிச்ச பொண்ணு, கூட வாம்மா” என்றார். தெரிந்த இளம் வழக்குரைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். “நீ யாரும்மா?” என்றார் ரைட்டர். பக்கத்து வீடு என்றேன். “எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி. நம் ஊர்களில் இது முகவரி கேட்கும் கேள்வி இல்லை என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருப் பெயரைச் சொன்னதும் ரைட்டரின் பேச்சு மரியாதையிலிருந்து ஒருமைக்கு இறங்கியது. முன்பணத்தை ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன், தவறினால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதி ஒரு தாள் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

வழக்குரைஞர் குரலை உயர்த்தவே இல்லை. புகாருக்கு என்ன எண் என்று கேட்டார். சி.எஸ்.ஆர். போட்டிருப்பதாகச் சொன்னார்கள். எந்தப் பிரிவில் குற்றம் என்று கேட்டார். வழக்கெல்லாம் இல்லை, மனு விசாரணைதான் என்றார்கள். அப்படியானால் இது பணம் கொடுக்கல் வாங்கல், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று அங்கேயே ஒரு பதில் மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார். அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. புகார் கொடுத்தவர் இதுவரை நீதிமன்றத்துக்குப் போகவும் இல்லை. போக மாட்டார். போனால் நோட்டை நீதிபதியிடம் காட்ட வேண்டும். ஒருவர் இன்னொருவரிடம் வேலைக்குப் போகும் சுதந்திரத்தை முன்பணத்தைக் காட்டி முடக்கினால், அதைக் கொத்தடிமை முறை என்றே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையே அந்தச் சட்டம் ரத்து செய்துவிட்டது. எல்லா முன்பணமும் கொத்தடிமைக் கடன் ஆகிவிடாது. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்யும் வேலை ரைட்டருடையது இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணத் தகராறு என்று தெரிந்தால் காவல் நிலையம் தலையிட முடியாது என்பது புகார் கொடுப்பவருக்கும் தெரியும். அதனால் “பணம் தரவில்லை” என்று எழுத மாட்டார்கள். “ஒப்படைத்த ஜரிகையைக் கையாடிவிட்டான்” என்று எழுதுவார்கள். அந்த நொடியில் கடன், நம்பிக்கை மோசடிக் குற்றமாகிவிடும். உரிமையியல் தகராறுக்குக் குற்ற வழக்கின் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. 2006இல் இந்தியன் ஆயில் நிறுவனம் தொடர்பான வழக்கிலும் இதைச் சொன்னது. ஆனால் சாயம் பூசும் வேலை இன்றும் நிற்கவில்லை. பாவும் ஜரிகையும் வாங்கிய எடை, திருப்பிக் கொடுத்த எடை, பிடித்தம் போன தொகை மூன்றையும் தன் கையால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் நெசவாளர்தான் இதில் தப்பிக்கிறார்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 41ஏ, 160, 161 என்று மனப்பாடம் செய்தவர்கள் எண்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாட்சியாக ஒருவரை அழைக்க வேண்டுமானால் 179ஆம் பிரிவின்படி விசாரணை அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அதிலும் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்கிறார்கள் என்றால், கைது தேவைப்படாத நிலையில் 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆக, “சும்மா விசாரணைக்கு” என்ற வகை ஒன்று சட்டத்தில் இல்லை. நீங்கள் சாட்சி, அல்லது சந்தேகத்துக்கு உரியவர். இரண்டுக்கும் தாள் உண்டு. தாளைக் கேட்பது திமிர் இல்லை. “சார், எந்த வழக்கு, என்ன எண், நான் சாட்சியா எதிரியா? நோட்டீஸ் கொடுங்க, கண்டிப்பா வர்றேன்” என்று பணிவாகவே கேட்கலாம். வர மாட்டேன் என்று சொல்லாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் வந்தபின் போகாமல் இருப்பது நமக்குத்தான் சிக்கல்.

பேசாமல் இருக்கும் உரிமை பற்றியும் ஒரு திருத்தம். சினிமாவில் வருவது போல வாயே திறக்க மாட்டேன் என்று இருக்க நம் சட்டம் இடம் தரவில்லை. 180ஆம் பிரிவு கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கேட்கிறது. ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை. அரசமைப்பின் 20(3) அதைக் காக்கிறது. நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவு சொல்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டால் அதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை.

இந்த உரிமைகள் யாருக்காகப் பேசப்பட்டு உறுதியாயின என்று பார்த்தால் ஒன்று புரியும். விசாரணையின்போது வழக்குரைஞரை அருகில் வைத்துக்கொள்ளலாம், ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்தது தவறு என்றெல்லாம் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நந்தினி சத்பதி வழக்கில். தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். நந்தினி சத்பதி ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். கட்டாக்கில் விஜிலென்ஸ் போலீஸ் நீட்டிய கேள்வித்தாளுக்குப் பதில் எழுத மறுத்து டெல்லி வரை போக அவரால் முடிந்தது.

காஞ்சிபுரத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் சங்கரராமன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் நவம்பர் 11 இரவு சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் ஆந்திரத்தின் மகபூப்நகரில் கைதானார். 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. அதே ஆண்டில் விசாரணையைத் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பர் 27 அன்று குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு மனிதருக்கு ஜாமீன் உரிமையும், பாரபட்சமற்ற விசாரணைக்கான உரிமையும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற உரிமையும் எப்படி ஒவ்வொரு படியிலும் வேலை செய்ய வேண்டும் என்று சட்ட மாணவர்களுக்குக் காட்ட அந்த வழக்கைப் பாடமாக வைக்கலாம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அதே ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும்.

அவருக்கு என்ன நடக்கிறது? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாரை, காரிலிருந்த நகை காணவில்லை என்ற ஒரு புகாரின் பேரில் போலீசின் தனிப்படை அழைத்துப் போனது. ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. வழக்கு முறையாகப் பதியும் முன்பே தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுப்பியது. நான் மேலே சொன்ன இருட்டு அதுதான். கைது என்று எழுதாதவரை 24 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்காது, உறவினருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை. கைது செய்யவில்லை என்பதே அங்கே வசதியாகிவிடுகிறது. 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அழைத்துப்போனதும் பொதுமுடக்கக் காலத்தில் கடையை மூடும் நேரம் பற்றிய ஒரு சில்லறைத் தகராறில்தான். அங்கே கண்காணிப்பு கேமரா இருந்தது, பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மடப்புரத்திலோ, அடித்ததை வெளியே கொண்டு வந்தது யாரோ ஒருவர் மறைவாக எடுத்த கைப்பேசிக் காணொளி.

இந்த இடத்தில் நம் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ‘மாவுக்கட்டு’ மீம்களுக்கு நம்மில் எத்தனை பேர் சிரித்திருக்கிறோம்? பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற செய்தியை ரசித்துப் பகிரும் பழக்கம் முற்போக்காளர்களிடமும் இருக்கிறது, அடிபட்டவர் நமக்குப் பிடிக்காத ஆளாக இருந்தால். காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. நாம் இன்னும் கேட்கவில்லை.

அடுத்தது சி.எஸ்.ஆர். சமுதாயப் பணிப் பதிவேடு என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருக்கும். அதை வழக்கு என்று நம்பி பாலிதீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அது வழக்கு இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. புதிய சட்டத்தின் 173(3) இதில் ஒரு ஓட்டையைப் போட்டிருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்கும் குறைவான தண்டனைக்கு உரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அந்த ஓட்டை கிடையாது. 2018 மார்ச்சில் சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பு அதை நீர்த்துப்போகச் செய்தது, நாடு முழுக்கத் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள், அந்தப் போராட்டத்தால்தான் 18ஏ பிரிவு வந்தது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உயிரைக் கொடுத்து வாங்கிய அந்தப் பிரிவைத்தான் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து, “ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம், சாதிச் சான்றிதழ் எடுத்துட்டு வாங்க” என்று கடந்துபோகிறார்கள். அந்த இடைவெளியில்தான் எதிர்ப்புகார் தயாராகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார் என்று நம் பக்கம் புகார் போனால், எங்களைத் தாக்கினார் என்று அந்தப் பக்கம் ஒன்று வரும். இரண்டையும் மேசையில் வைத்து, “ரெண்டு பேர் வாழ்க்கையும் கெட்டுப்போகும், சமாதானமாப் போங்க” என்பார்கள்.

2025 செப்டம்பர் 8 அன்று காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வாலாஜாபாத் அருகே ஒரு பேக்கரியில் தொடங்கிய தகராறு. அதில் கொடுத்த வன்கொடுமைப் புகாரில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று காஞ்சிபுரம் டி.எஸ்.பி.யையே சிறையில் அடைக்க மாவட்ட முதன்மை நீதிபதி உத்தரவிட்டார். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிபதிக்குத் தனிப்பட்ட விரோதம் உண்டு என்று காவல்துறைத் தரப்பு சொன்னது, அதுபற்றி விஜிலென்ஸ் விசாரணைக்கும் உத்தரவானது. ஒரு வாரம் முழுக்க விவாதம் நீதிபதி பெரியவரா, டி.எஸ்.பி. பெரியவரா என்றே போனது. கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிற 4ஆம் பிரிவு 1989 முதல் சட்டத்தில் இருக்கிறது, ஒரு நாள் கூத்தாக மட்டும் அது செய்தியானது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. துறை நிர்வாக விசாரணை நடத்திப் பரிந்துரைத்தால்தான் அந்த ஊழியர் மீது குற்றச்சாட்டு பதிய முடியும். போலீஸ் செய்த தவறைப் போலீசே விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்த உத்தரவு சரியா தவறா என்பதைவிட, இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு சாதாரணமாக ஒரு புகார்தாரர் 4ஆம் பிரிவை எப்படிப் பயன்படுத்துவது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. இப்போதைக்கு வழி ஒன்றுதான். எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார், 15 நாளில் அசைவில்லையென்றால் சிறப்பு நீதிமன்றம். புகாரை வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொண்டு, கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டி, நகலும் தர வேண்டும். இதையும் அதே 4ஆம் பிரிவுதான் கடமையாக வைத்திருக்கிறது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 15ஏ.

சமாதானம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கையெழுத்து வாங்கும் கலையில் வருவாய்த்துறையும் காவல்துறைக்குச் சளைத்ததில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். நாவல் எழுதியதற்கு. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்துரிமைத் தீர்ப்பு என்று நாம் அதைக் கொண்டாடினோம். எனக்கென்னவோ அது சேரிகளுக்கான தீர்ப்பாகவும் படுகிறது. கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, திருவிழா வரி என்று எந்தப் பிரச்சினைக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உட்கார வைத்து, “பழைய வழக்கப்படி நடந்துகொள்கிறோம்” என்று எழுதி வாங்குவது எத்தனை ஊரில் நடக்கிறது? விழுப்புரம் மேல்பாதியில் பேச்சுவார்த்தைகளின் முடிவாக 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அரசமைப்பின் 17ஆவது பிரிவை விட்டுக்கொடுத்து எழுதிய தாளுக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. கூட்டத்துக்கு நடுவில், அதிகாரி முன்னால், பயத்தில் போட்ட கையெழுத்து நம்மைக் கட்டிப்போட்டுவிட்டதாக நினைத்து அடங்கிப்போக வேண்டாம்.

சில சமாதானங்கள் தாளோடு முடிவதில்லை. உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த விமலாதேவி தலித் இளைஞரை மணந்து வெளியூர் போனார். திரும்ப அழைத்து வந்து, கணவரிடமிருந்து பிரித்து, குடும்பத்தாரோடு அனுப்பினார்கள். 2014 அக்டோபரில் அவர் செத்துப்போனார். கணவர் தொடுத்த வழக்கில்தான் உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில், சாதி மறுப்புத் தம்பதியருக்கு மாவட்டந்தோறும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 18 வயதான பெண்ணை “அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போம்மா” என்று காவல் நிலையத்தில் உட்கார வைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. காதலிக்கும் தோழர்கள் உள்ளூர் நிலையத்துக்குப் போவதற்கு முன் எஸ்.பி. அலுவலகத்துக்கும் அந்தத் தனிப்பிரிவுக்கும் எழுத்து மூலம் மனு அனுப்பி, அதன் நகலை வழக்குரைஞரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஒரு நாள் வித்தியாசம் உயிர் தொடர்பானது.

“ஸ்டேஷன்ல சட்டம் பேசினா ரெண்டு அடி கூடத்தான் விழும்” என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. தனியாக நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன் இரவு பதினோரு மணிக்கு 35(3) என்று பேசினால் என்ன நடக்கும் என்று அவருக்கு அனுபவம் இருக்கிறது, எனக்கு இல்லை. அதனால் சட்டம் பேச வேண்டியவர் கூட்டிப்போகப்பட்டவர் அல்ல, வெளியே இருக்கும் நாம். அழைப்பு வந்த நேரம், பேசியவர் எண், எந்த நிலையம், யார் வந்து கூட்டிப்போனார்கள், வண்டி எண் ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்திலேயே எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு தந்திபோலச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பலாம். இரண்டு பேராகவாவது நிலையத்துக்குப் போக வேண்டும். 1993இல் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போன ராசாக்கண்ணுவைப் பற்றி ‘ஜெய்பீம்’ பார்த்த பிறகு வழக்குரைஞர் சந்துரு எல்லோருக்கும் நினைவிருக்கிறார். பார்வதி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்கொணர்வு மனுவே இல்லை.

கைது என்று ஆகிவிட்டால் பெரியவரின் பயத்துக்குக் கொஞ்சம் மருந்து உண்டு. காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரிவாக்கியிருக்கிறது. தராவிட்டால் கைதே செல்லாது. நடுவர் முன் நிறுத்தும்போது உடம்பில் அடிபட்டிருந்தால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் நடுவர் அருகில் வந்து பார்க்காமலேயே ரிமாண்ட் செய்தார் என்ற குற்றச்சாட்டை மறக்கக் கூடாது. உறவினர்களும் அந்த நேரத்தில் நீதிமன்றத்தில் நின்றால் நடுவர் பார்க்காமல் இருக்க முடியாது.

24 மணி நேரம், கைதுக்கான காரணம், விருப்பமான வழக்குரைஞர் ஆகிய மூன்றும் அரசமைப்பின் 22ஆவது பிரிவில் வந்து சேர்ந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1949 செப்டம்பர் 15 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் அதை 15ஏ என்ற புதிய பிரிவாகக் கொண்டுவந்தார். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான பிரிவிலிருந்து ‘உரிய சட்ட நெறி’ என்ற பாதுகாப்பை நீக்கியதில் வெளியே பெரும் அதிருப்தி இருந்தது. அதற்கு ஈடுகட்டும் முயற்சி இது என்று அவர் விளக்கினார். அதே பிரிவில்தான் தடுப்புக் காவலும் நுழைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் சாதாரணச் சட்டத்தில் இருந்த ஒரு பாதுகாப்பை எந்தப் பெரும்பான்மை அரசும் எளிதில் கைவைக்க முடியாத இடத்துக்கு ஏற்றியவர் அவர்.

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது, என் கணக்கில், பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. மனு விசாரணைக்கு அழைக்கிறவர்களுக்கு எழுத்தில் அழைப்பு, அதில் புகாரின் நகல், வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில், எழுதி வாங்கும் எந்தத் தாளுக்கும் அதே இடத்தில் நகல். ஒரு டி.ஜி.பி. சுற்றறிக்கை போதும். வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். வழங்குவதையே நிறுத்த வேண்டும், அதற்கு 18ஏ ஏற்கெனவே இருக்கிறது.

சுற்றறிக்கை வரும்வரை கையில் இருப்பது இலவசச் சட்ட உதவி. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் வழக்குரைஞர் தர வேண்டும். கைதுக்கு முந்தைய விசாரணைக் கட்டத்திலேயே வழக்குரைஞரைக் காவல் நிலையத்துக்கு அனுப்பும் நெறிமுறையைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019இலேயே வகுத்துவிட்டது. இது நம் ஆட்களுக்குத் தெரியாது, பல நிலையங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எண் 15100. அழைத்தால் கதை முழுவதும் சொல்லத் தேவையில்லை. ஆளின் பெயர், எந்த நிலையம், எத்தனை மணியிலிருந்து உட்கார வைத்திருக்கிறார்கள், நோட்டீஸ் கொடுத்தார்களா இல்லையா. அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.